டன்ஸ்டனை யாரும் அடிப்பதில்லை

கெவானி, விஸ்கான்சின்
அக்டோபர் 16, 1983

அன்புள்ள வெண்டல் அண்ணாவுக்கு,

டார்லீன் எழுதுகிறேன். நானும் உன் மச்சான் ரஸ்ஸும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை படகு எஞ்சின்களோடு சேர்ந்து எண்ணெயைத்தான் குடிக்கிறாயா? அலாஸ்காவில் பனி இறங்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். நான் அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததா?

நீ கிளம்பியதோடு, பகடை உருட்டி ஆடும் நம் ஞாயிறு மதியக் கதையாட்டமும் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். எமில் விடவில்லை. சர்ச் முடிந்த கையோடு பகடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "வெண்டல் போனா என்ன? அவன் தங்கச்சி இருக்கால்ல? உக்காரு அந்த நாற்காலியில" என்றான்.

உட்கார்ந்தேன். அப்புறம்தான் தெரிகிறது நீ கதை நடத்திய அந்த நாற்காலியின் லட்சணம். அவர்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வீரன். ரஸ்ஸுக்குக் கேடயம் தாங்கும் டன்ஸ்டன், எமிலுக்கு வில்லாளி, லூவானுக்குக் காயம் ஆற்றும் சந்நியாசினி. மிச்ச உலகம் முழுக்க நான் ஒருத்தி. காடு நான், மழை நான், சத்திரக்காரன் நான், எதிரியும் நான்.

முதல் வாரம் என் குட்டிப் பூதங்கள் பேருந்துக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்று ஒவ்வொன்றாகச் செத்தன. ரஸ் கொட்டாவி விட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரம் எல்லாப் பூதங்களையும் லூவான்மேலேயே ஏவினேன். தொடங்கிய சூட்டிலேயே அவளுடைய சந்நியாசினி செத்துப்போனாள். "காயம் ஆத்துறவ நான்தான்னு அந்தப் பூதத்துக்கு யாரு சொன்னா? நீதானே சொன்னே?" என்று கேட்டுவிட்டு, வைத்த செர்ரி கேக்கைத் தொடாமல் போய்விட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், பிள்ளைகளின் அத்தனை அட்டகாசத்தையும் பொறுத்துக்கொள்கிறவள், என்மேல் கோபித்துக்கொண்டாள்.

நீ நடத்தும்போதும் எதிரிகள் எங்களை நன்றாகத்தான் அடிப்பார்கள். யாருக்கும் கோபம் வந்ததில்லை. அது எப்படி அண்ணா?

ரஸ்ஸுக்கு ஆலையில் வேலை அதிகம். கை அசந்துபோகிறது என்கிறான். காப்பிக் கோப்பைகளாக உடைத்துக்கொண்டிருக்கிறான். உனக்குத் தனியாக எழுதுவானாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
டார்லீன்


கோடியாக், அலாஸ்கா
நவம்பர் 9, 1983

அன்புத் தங்கைக்கு,

நலம். காலுறை வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். லூவான் இன்னும் கோபமாக இருந்தால் என் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேள், எனக்காகவாவது கேக் சாப்பிடுவாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உனக்கு எல்லாம் தெரியும். பூதத்துக்கு என்ன தெரியும்? அதன் கண்ணில் படுவதை வைத்துத்தான் அது அடிக்க வேண்டும். பெரிய கேடயத்தோடு ஒருவன் கத்திக்கொண்டு வந்தால் முதலில் அவன்மேல்தான் பாயும். பின்னால் நின்று முணுமுணுக்கும் பெண் விழுந்தவனை எழுப்பிவிடுகிறாள் என்பதைப் பார்த்தபிறகு அவள்பக்கம் திரும்பட்டும். அப்போது லூவானுக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். பயம் வந்தால் நல்லது.

அடுத்தது, எதிரிக்கு என்ன வேண்டும் என்று யோசி. சாவதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. பூதத்துக்கு உங்கள் கோவேறு கழுதை வேண்டும். ஓநாய்க்கு இரை வேண்டும். பின்தங்கியவனைத்தான் பிடிக்கும், இழுத்துக்கொண்டு ஓடப்பார்க்கும், சுளீரென்று நாலு வாங்கினால் விட்டுவிடும். கூலிப்படைக்காரன் வாங்கிய கூலிக்கு மேல் ரத்தம் சிந்தமாட்டான். கூட்டத்தில் பாதி விழுந்தால் மீதி ஓடும். ஓடவிடு. ஓடியவன் அப்புறம் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரட்டும், அது நியாயம்.

பெரிய அடி விழப்போகிறதென்றால் அது வருவதைக் காட்டிவிடு. பாறை நகரும் சத்தத்தைக் கேட்டபிறகும் நின்றால் அவர்கள் பாடு. விழுந்து கிடப்பவனைத் தேடிப்போய்க் குத்தாதே. நிற்கிறவன் வாளோடு எதிரே இருக்கும்போது எவனும் அதற்குக் குனியமாட்டான். கடைசியாக ஒன்று, உன் எண்ணை மறைக்கும் அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டாதே. நடுமேசையில் உருட்டு. விழுந்தது விழுந்ததுதான்.

ரஸ் எழுதவில்லை. சோம்பேறி. அவனுக்குத் தகரக் கோப்பையில் காப்பி கொடு.

அன்புடன்,
வெண்டல்


கெவானி
ஜனவரி 8, 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உனக்குப் புத்தாண்டு வாழ்த்து. கோடியாக்கில் கிறிஸ்துமஸுக்கு உனக்கு யார் சாப்பாடு போட்டார்கள்?

நீ சொன்னபடி செய்தேன். ஓநாய்கள் எமிலைப் பிடித்தன, அவன்தான் காளான் பறிக்கிறேன் என்று பின்தங்கினான். தொடையில் நல்ல கடி. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் இரும்புக்கடைக்கு ஆணி வாங்க வந்த பாதிரியாரிடம்கூட ஓநாய் கடித்த கதையைச் சொன்னானாம். பாதிரியார் நிஜமென்று நம்பி, ஊசி போட்டுக்கொண்டாயா என்று கேட்டிருக்கிறார். லூவான் இப்போது கேக்கில் இரண்டாம் துண்டும் கேட்கிறாள்.

ஒரு சந்தேகம், சும்மாதான் கேட்கிறேன். ஆட்டத்தில் ஒருத்தரை மட்டும் எதிரிகள் அடிக்காமல் விடலாமா? அவர்மேல் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று சொல்லியோ, வேறு எப்படியோ. மற்றவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் செய்ய வழி உண்டா?

ரஸ் விடுப்பில் இருக்கிறான். மில்வாக்கியில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். ஏரி கரையோரமாக உறைந்துவிட்டது. கலங்கரை விளக்கத்தைச் சுற்றி ஒரே பனிக்கட்டி. பார்க்க அழகாக இருக்கிறது.

டார்லீன்


கோடியாக்
பிப்ரவரி 2, 1984

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். மூன்று வாரமாகத் தபால் விமானம் இறங்கவில்லை, அதனால் தாமதம்.

உன் சந்தேகத்துக்குப் பதில், கூடாது. மந்திரம் என்று சொன்னால் கொஞ்ச நாள் நம்புவார்கள். அப்புறம் அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். தனக்கு அடியே விழாது என்று தெரிந்தால், தான் அடித்ததற்கும் அர்த்தமில்லை என்றாகிவிடும். மேசையில் மற்றவர்கள் விளையாடுவார்கள், அவன் உட்கார்ந்திருப்பான். யாரந்த ஒருத்தர்? லூவானா?

டாக்டர் என்ன சொன்னார்? நீ ஏரியைப் பற்றி எழுதிவிட்டாய்.

வெண்டல்


கெவானி
மார்ச் 11, 1984

டேய் மச்சான்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறேன். பொய்க்கு அந்த விரலைச் செலவழிக்க மனமில்லை. டார்லீன் லூவானோடு கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

நரம்பு நோய். பெயர் நீளம், விட்டுவிடுகிறேன். முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. மூளைக்கு ஒன்றும் ஆகாதாம். டாக்டர் அதை நல்ல செய்திபோலச் சொன்னார். அவர் முதலில் டார்லீனைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவள் வெளியே வந்து "வைட்டமின் குறைச்சலாம்" என்றாள். நான் மறுபடி ஒருநாள் தொலைபேசியில் அவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் இரண்டு பேரும் வைட்டமின் மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் எழுதுவது அதற்காக இல்லை. கிறிஸ்துமஸிலிருந்து டன்ஸ்டனை யாரும் அடிப்பதில்லை.

போன ஞாயிறு ஒரு பூதம் ஈட்டியை நீட்டிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தது. பாதி வழியில் வழுக்கி விழுந்தது. காய்ந்த தரையில். "அட பாவமே, வழுக்கிருச்சே" என்றாள் டார்லீன். எமில் கூரையைப் பார்த்தான். லூவான் மடியைப் பார்த்தாள். அதற்கு முந்தின வாரம் ஒரு மலைப்பாம்பு என்னைச் சுற்றிக்கொண்டு போய் எமிலை நெரித்தது. அவன் மரத்தின் மேல் இருந்தான். பகடையை மறுபடியும் அட்டைக்குப் பின்னால்தான் உருட்டுகிறாள்.

என் சட்டைப் பொத்தானை அவள் போடுகிறாள். இறைச்சியை அவள் வெட்டி வைக்கிறாள். தெருவில் என்னைப் பார்த்ததும் ஆட்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். மிச்சம் இருந்தது அந்த மேசை ஒன்றுதான்டா. அங்கே நான் கேடயத்தை ஊன்றிக்கொண்டு நிற்கிற ஆள். அடி விழாவிட்டால் கேடயம் எதற்கு?

அவளிடம் நான் கேட்க முடியாது. கேட்டால் எல்லாம் உடைந்துவிடும், இரண்டு பேரும் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். நீ சொன்னால் கேட்பாள். எதிரி எப்படி அடிக்க வேண்டும் என்று அவளுக்கு எழுது. நான் சொன்னதாக எழுதாதே.

கார் சத்தம் கேட்கிறது.

ரஸ்


கோடியாக்
ஏப்ரல் 4, 1984

அன்புத் தங்கை டார்லீனுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

இங்கே பட்டறையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு நானும் கதையாட்டம் தொடங்கியிருக்கிறேன். அதில் பெர்னார்ட் என்று ஒரு வலைக்காரன். விபத்தில் ஒரு கை போனவன். பரிதாபப்பட்டு எதிரிகளை அவன்பக்கம் விடாமல் வைத்திருந்தேன். ஒருநாள் கேட்டுவிட்டான், "ஏன் வெண்டல், என் ஆளு மேல மட்டும் மீன் நாத்தம் அடிக்குதா? ஒருத்தனும் கிட்ட வரமாட்டேங்கிறான்?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சண்டையில் ஒருவனைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் அவமானம் வேறில்லை டார்லீன்.

உனக்குப் பயன்படுமே என்று எழுதுகிறேன். நல்ல எதிரித் தலைவன் ஒருவனை உருவாக்கிக்கொள். கொடூரன் வேண்டாம். தொழில் தெரிந்தவன். அவனுக்கு ஒரு பாலம் வேண்டும் என்று வை. வழியில் யார் நிற்கிறான் என்று பார்ப்பான். கேடயக்காரன் நிற்கிறான். பக்கத்தில் வேறு வழி இருந்தால் தன் ஆட்களை அதில் அனுப்புவான். இல்லையென்றால் அவனிடம்தான் வர வேண்டும். வருவதற்கு முன் கேட்பான், வழிவிட்டால் உயிரோடு போகலாம் என்று. அதற்கான பதிலை அந்த வீரனை ஆடுகிறவன் சொல்லட்டும். அவனுக்காக நீ சொல்லாதே.

அவ்வளவுதான். வேறு செய்தி இல்லை. ஹாலிபட் மீன் பருவம் தொடங்கப்போகிறது. எஞ்சின் பார்க்க நான் ஒருவன்தான்.

ரஸ்ஸை விசாரித்ததாகச் சொல்.

வெண்டல்


கெவானி
மே 6, 1984

அண்ணா,

நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை.

ஒரு கை போன வலைக்காரன்! நான் யாரைப் பற்றிக் கேட்டேன் என்று உனக்குச் சொல்லவே இல்லை. லூவானா என்று நீதான் கேட்டாய். இப்போது கேடயக்காரன் என்று எழுதுகிறாய். ரஸ் உனக்கு எழுதியிருக்கிறான். எப்படி எழுதினான் என்று நினைத்துப் பார்க்கிறேன், ஒரு கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அவனுக்கு வேர்த்துவிடுகிறது.

நீ தூரத்தில் உட்கார்ந்து நியாயம் எழுதுகிறாய். குளியல் தொட்டியிலிருந்து அவனைத் தூக்குகிறவள் நான். இந்த வீட்டில் எல்லாம் அவனை அடிக்கிறது. படிக்கட்டு அடிக்கிறது. கதவுக் குமிழ் அடிக்கிறது. செவ்வாய்க்கிழமை ஒரு தும்மல் அவனைக் கீழே தள்ளிவிட்டது, புருவம் கிழிந்து தையல் போட்டோம். ஒன்றையும் என்னால் தடுக்க முடியவில்லை. வாரத்தில் ஒரு மதியம், அந்த மேசையில் மட்டும், அடிக்கிற கை என்னுடையது. அடிக்காமல் வைத்துக்கொள்ள என்னால் முடிகிறது. அதையும் விட்டுவிடு என்கிறாயா?

வருவதைக் காட்டு, ஓட வழி விடு, விழுந்தவனைக் குத்தாதே. எழுத நன்றாகத்தான் இருக்கிறது. அவனைப் பிடித்திருக்கும் நோயிடம் போய்ச் சொல் அண்ணா. அது விழுந்தவனைத்தான் குத்துகிறது.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அவனுக்கு எவ்வளவு தெரியும்?

டார்லீன்


கோடியாக்
மே 25, 1984

டார்லீன்,

எல்லாம் தெரியும். மூச்சு வரைக்கும் தெரியும். நீ அழுதுவிடுவாய் என்றுதான் சொல்லாமல் இருந்தான்.

வெண்டல்


கெவானி
ஜூலை 15, 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இவ்வளவு நாள் எழுதாததற்கு வருத்தப்படாதே.

உன் கடிதத்தைத் தபால்பெட்டி அருகிலேயே பிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் தோட்டத்தில் நின்றேன். உள்ளே போய், "உனக்குத் தெரியுமாமே ரஸ்" என்றேன். "ம்" என்றான். இப்போது பேச்சு குழறுகிறது, அந்த "ம்" மட்டும் தெளிவாக வரும். இருவரும் அழுதோம். அழுது முடித்ததும் பசித்தது. முட்டை பொரித்தேன். மிச்சமிருந்த வைட்டமின் மாத்திரையை எல்லாம் அவன் கண்முன்னால் குப்பையில் கொட்டினேன். அதற்குச் சிரித்தான்.

அப்படியும் எனக்குத் துணிச்சல் வரச் சில வாரம் ஆயிற்று. போன ஞாயிறுதான் பாலத்துக்கு வந்தோம்.

ஆற்றுக்கு அக்கரையில் காடு. ஊர் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். பின்னால் கூலிப்படை. முதலில் முரசுச் சத்தம் கேட்க வைத்தேன். பிறகு தூசி. பிறகுதான் தலைவன், குதிரையிலிருந்து இறங்கி நடந்து வந்தான். "எனக்குப் பாலம்தான் வேணும். உன்மேல பகை இல்ல. ஒதுங்கிக்கோ, உன் ஆளுங்களோட போயிரு" என்றான். நான் சொன்னேன் என்று எழுத வேண்டும், ஆனால் அன்று அவன்தான் சொன்னான்.

எல்லோரும் ரஸ்ஸைப் பார்த்தோம். லூவான் அவன் வாயருகே காதைக் கொண்டுபோனாள், சொன்னால் எங்களுக்குச் சொல்லலாம் என்று. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவனே சொன்னான். "நிக்... கிறேன்."

அட்டைத் தடுப்பை மடித்து நாற்காலிக்கடியில் வைத்தேன். ரஸ்ஸுக்காக எமில் கடையிலிருந்து ஒரு தகரப் புனலைப் பலகையில் பொருத்திக் கொண்டுவந்திருக்கிறான். மணிக்கட்டால் தள்ளினால் போதும், பகடை புனலில் உருண்டு மேசையில் விழும். என் பகடையைக் கையால் உருட்டினேன். பெரிய எண்ணாக விழுந்தது. "படுது" என்றேன். "எவ்வளவு?" என்றான் ரஸ். சொன்னேன். வலித்தவன்போல் முகத்தைச் சுளித்துவிட்டு, புனலைத் தன்பக்கம் இழுக்கும்படி எமிலுக்குக் கண்ணைக் காட்டினான். அண்ணா, அந்த முகத்தை நான் எத்தனையோ மாதமாகப் பார்க்கவில்லை.

நியாயமாகத்தான் நடத்தினேன். படையில் சிலரை ஆற்றில் இறக்கிச் சுற்றிவரப் பார்த்தேன், எமில் அம்பு விட்டுத் தடுத்தான். பாதிப்பேர் விழுந்ததும் மீதிப்பேர் தயங்கினார்கள். தலைவன் மட்டும் பின்வாங்கவில்லை. டன்ஸ்டன் அவனை இரண்டு முறை பாலத்தின் பாதிவரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். லூவானிடம் இருந்த பச்சிலை தீர்ந்துவிட்டது. கேடயம் பிளந்துவிட்டது.

"இன்னொரு அடி தாங்கமாட்டே. பின்னால போக வழி இருக்கு ரஸ்" என்றேன்.

"ஜனங்க... தாண்டிட்டாங்களா?"

"இன்னும் கொஞ்சம் பேர் இருக்காங்க."

போகமாட்டேன் என்று தலையை ஆட்டினான். டன்ஸ்டன் நின்றான்.

சின்ன எண்ணாக விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உருட்டினேன். விழவில்லை. என் கை தானாகப் போய்ப் பகடையை மூடிக்கொண்டது. மூடியது மூடியபடி எடுத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். எமில் வேண்டுமென்றே வேறுபக்கம் திரும்பிக்கொண்டான். ரஸ் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமில்லை. கெஞ்சினான் அண்ணா, கண்ணாலேயே. கையை எடுத்தேன்.

"டன்ஸ்டன் விழுந்துட்டான்" என்றேன்.

எமில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். படைத்தலைவன் டன்ஸ்டனைத் தாண்டிப் போனான். மிதிக்கவில்லை. அதற்குள் ஜனங்கள் எல்லோரும் அக்கரை சேர்ந்துவிட்டார்கள்.

ரஸ்ஸின் தோள் குலுங்கியது. மூச்சு அடைத்துவிட்டதென்று நானும் லூவானும் பதறி ஓடினோம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் வடிய வடியச் சிரித்தான். "நல்லா அடிச்சே" என்றான் என்னிடம். ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை.

மறுநாள் அவனுக்குச் சட்டை மாட்டும்போது, டன்ஸ்டனுக்குப் பதில் அடுத்த ஆளை எழுத வேண்டும் என்றான். திருடனாம். சின்ன உருவம், வேகமான விரல்கள். டிக்கர் என்று பெயர்கூட வைத்துவிட்டான்.

நான் செய்தது சரிதான் என்று நீ எழுதாதே. அது எனக்கு வேண்டாம்.

டார்லீன்


கெவானி
செப்டம்பர் 9, 1984

மச்சான்,

சொல்வது நான், எழுதுவது எமில். (ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் எடுக்கிறது. நடுவில் நானும் ஏதாவது சேர்த்துக்கொள்வேன். எமில்.)

சுகமா? எமில் எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் மருந்துக்கடைக்காரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல். (இதை எல்லாம் வேறு நான் எழுத வேண்டியிருக்கிறது. எமில்.)

எனக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. அவளுக்குப் போட்டாய், அதுவே போதும்.

டார்லீன் நன்றாக அடிக்கிறாள். என் திருடனைப் போன வாரம் கொட்டடியில் அடைத்துவிட்டாள். நான் செய்த தப்புக்குத்தான். உன்னைவிட நன்றாக நடத்துகிறாள், சொன்னேன் என்று கோபப்படாதே.

ஒரு விஷயம். அவள் உன்னை வா என்று கூப்பிடமாட்டாள். நீயும் எனக்காக ஓடிவராதே. இப்போது வீடு நிறைய ஆட்கள். நான் போன பிறகு வா. (இதை எழுதமாட்டேன் என்றேன். எழுது என்கிறான். எழுதிவிட்டேன். எமில்.)

ரஸ்


கோடியாக்
நவம்பர் 3, 1984

டார்லீன்,

எமில் கொடுத்த தந்தி துறைமுக அலுவலகத்தில் காத்துக்கொண்டிருந்தது. நாங்கள் நண்டுப் படகில் வெகு தூரம் போயிருந்தோம். கரைக்கு வந்து பார்த்தபோது அடக்கம் முடிந்து பல நாளாகியிருந்தது.

எதைச் சாப்பிட்டாய், தூங்கினாயா என்று கேட்க வேண்டும். எதைக் கேட்டாலும் எழுத்தில் பொய்யாகத் தெரிகிறது.

கோடை முழுக்கப் படகு படகு என்று இருந்துவிட்டேன். கிளம்பியிருக்கலாம். அவனுடைய கையை அப்படிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அதுதான் உண்மை. வராதே என்று அவன் எழுதியதை வசதியாகப் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு அது தெரிந்துதான் எழுதினானோ என்று இப்போது தோன்றுகிறது.

இங்கே வேலையை விட்டுவிட்டேன். வரட்டுமா?

வெண்டல்


கெவானி
நவம்பர் 25, 1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு சுகம். சாப்பிடுகிறேன். லூவான் தினமும் பேருந்தை ஒப்படைத்துவிட்டு இங்கே வந்துவிடுகிறாள். எனக்கு முன்னால் உட்கார்ந்து, நான் விழுங்குகிறேனா என்று பார்க்கிறாள்.

ரஸ் கடைசிவரை வலியில்லாமல் இருந்தான் என்று எமில் உனக்கு எழுதியிருப்பான். அது நிஜமில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை காலை அமைதியாகத்தான் போனான், என் கையில்தான் போனான். அவ்வளவு போதும், மிச்சத்தை நேரில் சொல்கிறேன்.

இன்று மதியம் ஆட்டம் நடந்தது. நான் வேண்டாம் என்றேன். எமில், "கதை நடுவுல நிக்குதே டார்லீன்" என்றான். நிஜம்தான். ரஸ் கடைசியாக ஆடிய ஞாயிறு எங்கே நிறுத்தினோம் என்றால், டிக்கர் கோட்டைச் சுவரில் ஏறி உள்ளே குதித்திருந்தான். உள்ளிருந்து தாழ்ப்பாளைத் திறந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறினான். மற்ற இருவரும் வெளியே மழையில் நின்றார்கள். இன்று அதே வாசலில் வந்து உட்கார்ந்தோம்.

டிக்கரை வேறு யாராவது ஆடலாமா என்று எமில் மெதுவாகக் கேட்டான். லூவான் அவனை முறைத்தாள். டிக்கர் எப்படியும் திறந்துவிட்டான் என்று நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே காவலாளிகள் இருக்கிறார்கள், அவர்களை வைத்ததும் நான்தான். அவர்கள் தூங்கினார்களா விழித்திருந்தார்களா என்று எனக்கே தெரியாது. அது பகடைக்குத்தான் தெரியும். சின்ன எண் விழுந்தால் டிக்கர் பிடிபட்டான் என்று என் வாயால் சொல்லியாக வேண்டும்.

தகரப் புனலை நடுமேசையில் வைத்தேன். என்னால் தள்ள முடியவில்லை. லூவான்தான் மணிக்கட்டை வைத்துத் தள்ளினாள், அவன் தள்ளுவதுபோலவே. பகடை உருண்டு மேசை விளிம்புவரை போய், விழாமல் நின்றது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். இருபது முகப் பகடையில் பதினேழு.

"கதவு திறக்குது" என்றேன்.

எமில், "டிக்கர் எங்க?" என்று கேட்டான்.

"தெரியல. தாழ்ப்பாள் கழண்டு கிடக்கு. காவலாளிங்க தூங்கறாங்க. அங்க வேற யாருமில்ல."

இருவரும் உள்ளே போனார்கள். நான் தொடர்ந்து நடத்தினேன்.

வா அண்ணா. மாடி அறையில் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
டார்லீன்